பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு டிராலி பஸ்

ஷவர்ஷ் கரபெத்யானைப் பல ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்தது ஒரு பஸ் இருக்கைத் திண்டு.

1976 செப்டம்பர் 16. ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் உள்ள ஏரி. அதன் அடியில் கிடந்த டிராலி பஸ்ஸுக்குள் மூழ்கி மூழ்கி ஆட்களை மேலே கொண்டுவந்துகொண்டிருந்தார் அவர். அடிச்சேறு கிளம்பித் தண்ணீர் கஷாயமாகியிருந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். உடைந்த பின்கண்ணாடி வழியாகத் துழாவி, கைக்கு அகப்பட்டதைப் பற்றிக்கொண்டு மேலே வர வேண்டியதுதான். அப்படி ஒருமுறை மேலே வந்து பார்த்தபோது கையில் ஆள் இல்லை. தோல் உறை போட்ட திண்டு இருந்தது. அந்த ஒரு மூச்சில் இன்னொருவரைக் கொண்டுவந்திருக்கலாமே என்று பின்னாளில் பேட்டிக்குப் பேட்டி சொல்லி மாய்ந்தார். கனவில் வந்ததும் அந்தத் திண்டுதான்.

இந்த மாதிரிச் செய்திகளுக்கென்று நம்மிடம் ஒரு வாய்பாடு இருக்கிறது. நீச்சல் சாம்பியன், பக்கத்தில் விபத்து, குதித்தார், காப்பாற்றினார், மாலை மரியாதை. நன்றாக நீந்தத் தெரிந்தவர், அதனால் முடிந்தது என்று கதையை மூடிவிடுகிறோம். எனக்கு இந்த விளக்கம் போதவில்லை. குளத்தில் பதக்கம் வாங்கியவரும் தண்ணீரில் தத்தளிக்கும் ஒருவரைக் கரை சேர்க்கத் திணறலாம். இதில் ஜெயித்தவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால், வேகத்தைவிட, அவர்கள் ஆடிய ஆட்டம் உடம்புக்கோ கைக்கோ தந்திருந்த ஏதோ ஒரு தனிப் பழக்கம்தான் வேலை செய்திருக்கிறது. அதற்கான விலையும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வந்திருக்கிறது. சில ஆட்டங்கள் அந்த விலையில் பங்கு போட்டுக்கொள்கின்றன. சில, ஆளைக் கைவிட்டுவிடுகின்றன.

கரபெத்யானின் ஆட்டம் நமக்கு அவ்வளவு பழக்கமில்லாதது: காலில் துடுப்பு மாட்டி நீந்தும் ஃபின் ஸ்விம்மிங். இரண்டு பாதங்களையும் ஒன்றாகச் செருகும் அகன்ற ஒற்றைத் துடுப்பு, அதாவது மோனோஃபின், 1970களின் தொடக்கத்தில் சோவியத் வீரர்களிடையே புழக்கத்துக்கு வந்தது. கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, இடுப்பிலிருந்து மீன் வாலடிப்பதுபோல அடித்துப் போவார்கள். சாதாரண நீச்சல்காரர் பக்கத்தில் நிற்க முடியாத வேகம். இந்த ஆட்டத்தில் ஒரு பிரிவு, 50 மீட்டரை முகத்தை வெளியே எடுக்காமல் ஒரே மூச்சில் நீருக்கடியில் கடப்பது. 1959ல் தொடங்கிய உலக நீரடி விளையாட்டுக் கூட்டமைப்புதான் இதை நடத்துகிறது. அதன் முதல் தலைவர், ஆழ்கடல் படங்களால் உலகம் அறிந்த ஜாக் கூஸ்தோ. ஆனால் ஒலிம்பிக்கில் இன்றுவரை இதற்கு இடம் கிடைக்கவில்லை. 17 முறை உலக சாம்பியன், 13 முறை ஐரோப்பிய சாம்பியன் என்றிருந்த ஒருவரின் பெயர் வெளியே தெரியாமல் போனதற்குப் பாதிக் காரணம் அது.

1953ல் கிரோவாகன் என்ற ஊரில், இன்றைய வனாட்ஸோரில் பிறந்தவர். முதலில் சாதாரண நீச்சல்தான் நீந்தினார். பயிற்சியாளர் லிபாரிட் அல்மசக்யான் அவரைத் துடுப்பு நீச்சலுக்குத் திருப்பினார். சம்பவ நாளன்று, அதே ஆட்டத்தில் இருந்த சகோதரர் காமோவுடன் ஏரிக்கரையில் 20 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்திருந்தார். உடம்பில் தெம்பு வற்றியிருக்கும் நேரம். அப்போதுதான் 92 பேரை ஏற்றிக்கொண்டு வந்த டிராலி பஸ் தறிகெட்டு அணைச்சுவரிலிருந்து தண்ணீருக்குள் பாய்ந்தது. கரையிலிருந்து சுமார் 25 மீட்டர் தள்ளி, 10 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்தது.

பத்து மீட்டர் என்றால் மூன்று மாடி உயரம். கிணற்றில் மூழ்கிக் காசு எடுத்துப் பழகியவர்களுக்கே அந்த ஆழத்தில் காது விண்ணென்று வலிக்கும். அங்கே அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. நெஞ்சில் இழுத்துவைத்த காற்று பாதியாகச் சுருங்கிவிடும். மேலே இருக்கும்போது மிதக்க விரும்பும் உடம்பு கீழே போகப்போகக் கனக்கத் தொடங்கும். இத்தனைக்கும் அன்று காலில் துடுப்பு கிடையாது. ஓட வந்தவர் துடுப்பைக் கையிலா வைத்திருப்பார்?

காலால் உதைத்துப் பஸ்ஸின் பின்கண்ணாடியை உடைத்தார். உடைந்த விளிம்பு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் வரும்போதும் சதையைக் கிழித்தது. ஒருவருக்கு 30, 35 விநாடி. கீழே போவது, துழாவுவது, பற்றுவது, இழுப்பது, மேலே வந்து காமோவிடம் கொடுப்பது, ஒரு வாய்க் காற்று, மறுபடி கீழே.

இங்கேதான் அவர் ஆட்டம் கைகொடுத்தது. மூச்சை அடக்கும்போது நமக்கு வருகிற அந்த முட்டல், ஆக்சிஜன் குறைவதால் வருவது என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேரச்சேரத்தான் மூளை அபாயமணி அடிக்கிறது. பழகாதவருக்கு அந்த மணி கேட்டதுமே பீதி வந்துவிடும். பீதி வந்தால் கை கால் உதறும், உதறினால் இருக்கிற காற்றும் வேகமாகத் தீரும். ஒரே மூச்சில் நீருக்கடியில் நீந்திப் பழகியவர்கள் ஆயிரக்கணக்கான தடவை அந்த மணியைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தவர்கள். மணி அடித்தபிறகும் இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்று அவர்கள் உடம்புக்கு ஒரு கணக்கு உண்டு. வெளிச்சமே இல்லாத இடத்தில் பதறாமல் துழாவ முடிந்ததற்கு அந்தக் கணக்குதான் காரணம். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் உலகை வென்ற ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

அதே பழக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. மணியைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றவருக்கு ஆக்சிஜன் தீர்வதும் தெரியாது. முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு தப்பிவிடும், அதுவும் பெரும்பாலும் மேலே வரும் கடைசி நொடிகளில். திரும்பத் திரும்ப, இடையில் சரியாக மூச்சு வாங்காமல் மூழ்குகிறவருக்கு இந்த ஆபத்து ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும். அவர் எத்தனை முறை போய்வந்தார் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். 20 பேர் உயிர் பிழைத்தார்கள் என்பதில் மாற்றுப் பேச்சு இல்லை.

கரைக்கு வந்தவருக்கு நிமோனியா. அந்த ஏரியில் நகரச் சாக்கடையும் கலந்துகொண்டிருந்தது. கண்ணாடி கிழித்த காயங்கள் வழியாக அது உள்ளே போய் ரத்தமே நஞ்சானது. 45 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரல் பழையபடி ஆகவில்லை. மூச்சை வைத்து ஜெயித்தவருக்கு மூச்சிலேயே அடி. பிடிவாதமாகத் திரும்பி வந்து 400 மீட்டரில் இன்னொரு உலக சாதனை, தன் 11வது சாதனை, செய்துவிட்டுத்தான் ஒதுங்கினார். தண்ணீரைப் பார்க்கவே பிடிக்காமல் போய்விட்டது என்று பிறகு சொல்லியிருக்கிறார்.

ஊர் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் ஊருக்குத் தெரியாது. அது பிரெஷ்னெவ் காலத்துச் சோவியத் ஒன்றியம். விபத்து என்பது பத்திரிகையில் வருகிற சமாச்சாரமே இல்லை. பஸ் ஏரிக்குள் விழுந்தது என்று எழுதினால் அணைச்சுவர் மேல் ஏன் தடுப்பு இல்லை என்று யாராவது கேட்பார்களே. சம்பவத்தின் படங்கள் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் முடங்கின. ஆறு ஆண்டு கழித்து, 1982 அக்டோபர் 12 அன்று, கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா நாளிதழ் ஒரு கட்டுரை போட்டது. அதன் பிறகுதான் நாடு முழுக்கப் பெயர் பரவியது. அறுபதாயிரம் கடிதங்கள் வந்தன என்பார்கள். நீரில் மூழ்குவோரைக் காத்தவர்களுக்கான பதக்கமும் ஓர் அரசு விருதும் கிடைத்தன. 1978ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குறுங்கோளுக்கு அவர் பெயர் வைத்தார்கள்: 3027 ஷவர்ஷ்.

1985 பிப்ரவரியில் யெரெவானின் பெரிய விளையாட்டு அரங்கம் தீப்பிடித்தபோது, அந்தப் பக்கம் இருந்த இதே மனிதர் உள்ளே ஓடி ஆட்களை இழுத்து வந்து மறுபடியும் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அப்படி ஒரு ஜாதகம். பிறகு மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்து காலணி வியாபாரம் ஆரம்பித்தார். கடைக்கு வைத்த பெயர் ‘இரண்டாவது மூச்சு’. 2013ல் சோச்சி குளிர்கால ஒலிம்பிக் சுடரை அவர் கையில் கொடுத்து கிரெம்ளினுக்குள் ஓடவிட்டார்கள். ஒலிம்பிக்கில் இடமே இல்லாத ஆட்டக்காரருக்கு ஒலிம்பிக் சுடர். அது பாதி வழியில் அணைந்துபோக, பாதுகாப்புக்கு நின்ற ஒருவர் பாக்கெட்டிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்துப் பற்றவைத்தார். உலகம் அன்று பார்த்துச் சிரித்தது லைட்டரைத்தான். பிடித்திருந்தவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

யெரெவான் ஏரி ஒரு விதத்தில் விதிவிலக்கு. அங்கே உள்ளே இருந்தவர்களில் பலர் நினைவு தப்பியவர்கள். யாரும் அவரைக் கட்டிப்பிடித்து அழுத்தியதாகத் தெரியவில்லை. மேல்பரப்பில் தத்தளிப்பவரைக் காப்பாற்றுவது வேறு கதை.

நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் லைஃப் கார்டாக இருந்த ஃபிராங்க் பியா என்பவர் 1970களில் மூழ்குபவர்களையும் மீட்பையும் படம் எடுத்து உட்கார்ந்து ஆராய்ந்தார். சினிமாவில் காட்டுவதுபோல மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை, கத்துவதுமில்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அரை நொடியில் காற்று வாங்கவே நேரம் போதாது, கத்த எங்கே நேரம்? கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அழுத்தும். உடம்பு செங்குத்தாக நிற்கும், கால் அடிக்காது. இப்படி 20 முதல் 60 விநாடி, அவ்வளவுதான். பக்கத்தில் குளிப்பவருக்கு அவர் விளையாடுவதுபோலத்தான் தெரியும்.

அந்தக் கைகளுக்கு எது அகப்பட்டாலும் அதன்மேல் ஏறப் பார்க்கும். காப்பாற்ற வந்தவரின் தலை அகப்பட்டால் தலைமேல். அந்த நேரத்தில் பெற்ற பிள்ளையென்றும் பாராத வலு அது. ‘ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் பலி’ என்று நம் பத்திரிகைகளில் காவிரிக்கரைச் செய்தியாகவோ கல்குவாரிக் குட்டைச் செய்தியாகவோ மாதம் தவறாமல் வருகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இதுதான். கிராமத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் ‘முன்னால போகாதே, பின்னால போய் முடியைப் பிடிச்சு இழு’ என்பார்கள். கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிடுவார்கள். பியா படம் பிடித்ததை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பயிற்சி பெற்ற லைஃப் கார்டுகளின் வரிசையும் ஏறக்குறைய அதேதான்: முதலில் கையையோ கம்பையோ நீட்டு, எட்டாவிட்டால் மிதக்கிறதை எறி, முடியாவிட்டால் படகில் போ, தண்ணீரில் இறங்குவது கடைசி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். குதித்துக் காப்பாற்றுவதைப் பற்றி எழுதுகிறவர் இந்த வரிசையைச் சொல்லாமல் விடுவது பாவம்.

கடலில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கரைக்கு வந்து குவிந்த அலைநீர் ஏதாவது ஒரு குறுகிய வழியைக் கண்டுபிடித்து ஆற்றைப்போலக் கடலுக்குள் திரும்பி ஓடும். மெரினாவில் ‘அலை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு’ என்கிறோமே, பெரும்பாலும் இதுதான். இந்த நீரோட்டம் சில சமயம் நொடிக்கு 2.4 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக் 100 மீட்டரை 47 விநாடியில் முடிக்கிறவர் நொடிக்கு 2.1 மீட்டர்தான் போகிறார். ஆக, உலகத்திலேயே வேகமான நீச்சல்காரரும் நேருக்கு நேர் எதிர்த்து வர முடியாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்துதான் தப்ப வேண்டும். 2020 மே மாதம் கலிஃபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில் முன்னாள் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்த வீரர் ஷாட் கேஸ்பர்ட், பத்து வயது மகனோடு இப்படி ஓர் இழுப்பில் மாட்டினார். மலை மாதிரி ஆள், 39 வயது. நெருங்கிவந்த லைஃப் கார்டிடம் முதலில் மகனைக் கொண்டுபோகச் சொன்னார். மகன் பிழைத்தான். அடுத்த அலை இவர்மேல் விழுந்தது. மூன்று நாள் கழித்து உடல் கரை ஒதுங்கியது.

அதே வெனிஸ் கடற்கரையில்தான் அதற்கு 111 ஆண்டுகளுக்கு முன்னால் ஜார்ஜ் ஃப்ரீத் என்ற ஹவாய்க்காரர் பெயர் வாங்கினார். 1907ல் அமெரிக்கப் பெருநிலத்துக்கு வந்து, பலகைமேல் நின்று அலையேறிக் காட்டி ஊரை வாய்பிளக்க வைத்தவர். 1908 டிசம்பர் 16 அன்று குளிர்காலப் புயலில் மாட்டிய ஜப்பானிய மீனவர்கள் ஏழு பேரை, மறுபடி மறுபடி கடலில் இறங்கிக் கொண்டுவந்தார். தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். 35 வயதில், 1919ன் விஷக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. கடற்கரையில் சம்பளத்துக்கு ஆள் வைத்து உயிர் காக்கும் வழக்கம் கலிஃபோர்னியாவில் வேர் விட்டதில் அவருக்குப் பெரிய பங்கு.

ஃப்ரீத் தொடங்கியதை உலகத்துக்குக் காட்டியவர் இன்னொரு ஹவாய்க்காரர், ட்யூக் கஹானமோகு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலும் 1920 ஆன்ட்வெர்ப்பிலும் 100 மீட்டர் தங்கம். 1924 பாரிஸில் ஜானி வெயிஸ்முல்லரிடம் தோற்று வெள்ளி. மறு ஆண்டு, 1925 ஜூன் 14 அன்று, கலிஃபோர்னியாவின் கரோனா டெல் மார் கடற்கரையில் நண்பர்களோடு இருந்தார். நியூபோர்ட் துறைமுக வாயில் வழியாக உள்ளே வரப்பார்த்த தெல்மா என்ற மீன்பிடிப் படகை அலை புரட்டிப்போட்டது. 29 பேர் தண்ணீரில். ட்யூக் தன் மரப்பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அந்தக் காலத்துப் பலகை ஒரு கதவு மாதிரி. ஒற்றை மரத்தில் செதுக்கிய கனம். ஆனால் மூழ்குகிறவருக்கு அதைவிடப் பெரிய வரம் கிடையாது: பிடித்துக்கொள்ள ஒன்று, அதுவும் மனிதத் தலையாக இல்லாத ஒன்று. பற்றி ஏறப் பார்க்கும் கைகள் பலகையைப் பற்றிக்கொள்ளும், மீட்க வந்தவர் மூச்சுவிட்டுக்கொண்டு தள்ளலாம். ஒரு தடவையில் ஒருவருக்கு மேலும் கொண்டுவரலாம். சுரைக்குடுக்கையின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ட்யூக் மட்டும் 8 பேரைக் கொண்டுவந்தார், நண்பர்கள் 4 பேரை. 17 பேர் போய்விட்டார்கள். மனித சக்திக்கு மீறிய காரியம் என்று நியூபோர்ட் காவல் தலைவர் சொன்னார். லைஃப் கார்டு நிலையங்களில் பலகை ஒரு தளவாடமாக வந்து நின்றதற்கு இந்தச் சம்பவம் முக்கியக் காரணம். ட்யூக் வாங்கிய ஒலிம்பிக் பதக்கங்களைவிட அதிகப் பேருக்கு உதவியது அவர் கரைக்குக் கொண்டுபோயிருந்த அந்தப் பலகைதான் என்றுகூட எனக்குத் தோன்றும்.

பாரிஸில் அவரை வென்ற வெயிஸ்முல்லருக்கும் முறை வந்தது. 1927 ஜூலையில் சிகாகோவில், மிச்சிகன் ஏரியில் ஃபேவரிட் என்ற உல்லாசப் படகு திடீர்க் காற்றில் கவிழ, பக்கத்தில் பயிற்சியில் இருந்த அவரும் தம்பி பீட்டரும் சேர்ந்து 11 பேரை மீட்டார்கள். டார்ஜானாகத் திரையில் காடு முழுக்கக் கத்திக்கொண்டு ஆட்களைக் காப்பாற்றியது அதற்கும் அஞ்சு ஆண்டு கழித்து.

விலைக்கு வருவோம். ட்யூக்கும் வெயிஸ்முல்லரும் அன்று போட்டியில் இல்லை. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஆபத்து கண்ணில் பட்டால்?

1988 செப்டம்பர் 24, தென்கொரியாவின் புசான் கடல். சோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள். ஃபின் வகை ஒற்றையாள் படகில் ஏழு பந்தயங்களில் ஐந்தாவது. கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தார். காற்று திடீரென்று ஏறி மணிக்கு 35 கடல்மைல் வேகத்தைத் தொட்டது. அலைகள் நடுவே குறி மிதவைகளே கண்ணுக்குத் தெரியாத நிலை. அடுத்த தடத்தில் வேறு பந்தயம், இரண்டாள் ஓட்டும் 470 வகைப் படகுகள். அதில் சிங்கப்பூர்க்காரர்களின் படகு கவிழ்ந்து கிடந்தது. ஒருவர் காயப்பட்ட கையோடு கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்தார்; மற்றவர் படகைவிட்டு வெகுதூரம் அடித்துச் செல்லப்பட்டிருந்தார்.

லெமியூ பாயைத் திருப்பினார். அந்தக் காற்றில் ஒற்றையாள் படகை நிறுத்தி இன்னொருவரை ஏற்றுவது நினைப்பதுபோல் சுலபமில்லை. படகு நின்றால் பாய் படபடத்து அடிக்கும், தண்ணீர் உள்ளே ஏறும், ஏறுகிறவரின் எடையே கவிழ்த்துவிடக்கூடும். இருவரையும் எடுத்து, கொரியக் கடற்படைப் படகு வரும்வரை காத்திருந்து ஒப்படைத்துவிட்டு, மறுபடி பந்தயத்துக்குப் போய் 22வதாக முடித்தார். விலகியபோது எந்த இடத்தில் இருந்தாரோ அந்த இரண்டாம் இடத்தையே நடுவர்கள் அவருக்குக் கொடுத்தார்கள். மொத்தத்தில் 11வதாக வந்தார். பதக்கம் இல்லை, பியேர் தெ கூபெர்த்தான் பதக்கம் என்ற தனிக் கௌரவம் உண்டு.

இந்தக் கதையைப் பெரும்பாலும் பெருந்தன்மைக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நடுவர்கள் செய்த வேலை. அவர்கள் இரக்கப்பட்டுத் தந்த சலுகை இல்லை அது. பாய்மரப் பந்தயத்தின் விதிநூலில் முதல் விதியே இதுதான்: ஆபத்தில் இருக்கும் ஆளுக்கோ படகுக்கோ முடிந்த உதவி எல்லாம் செய்ய வேண்டும். உதவப் போய் இடத்தை இழந்தவர் இழப்பீடு கேட்கலாம் என்று இன்னொரு விதி. பந்தயம் பிறக்கும் முன்பே கடலோடிகளுக்குள் இருந்த வழக்கத்தை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள். காப்பாற்றியவர் தோற்றுப்போகக் கூடாது என்று முன்கூட்டியே யோசித்துவைத்த ஆட்டங்கள் அதிகம் இல்லை.

விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020ன் வாந்தே குளோப் சாட்சி. பிரான்ஸிலிருந்து தனியாளாக, எங்கும் நிற்காமல், உலகைச் சுற்றிவரும் பாய்மரப் பந்தயம் அது. அந்த நவம்பர் 30 அன்று கேப் டவுனுக்குத் தென்மேற்கே கெவின் எஸ்கோஃபியேயின் பி.ஆர்.பி. என்ற படகு அலையில் மோதி மடங்கி உடைந்தது. அவர் உயிர்த்தெப்பத்தில் குதித்தார். போட்டி நிர்வாகம் அருகிலிருந்த நான்கு பேரைத் திருப்பிவிட்டது. இரவு முழுக்கத் தேடி, 11 மணி நேரம் கழித்து அவரை எடுத்தவர் 61 வயது ழான் லெ காம். 2009ல் கேப் ஹார்ன் அருகே தன் படகு கவிழ்ந்து உள்ளேயே சிக்கிக்கிடந்தபோது, அதே பி.ஆர்.பி. பெயர் தாங்கிய படகில் வந்த வேன்சான் ரியூவால் காப்பாற்றப்பட்டவர் இந்த லெ காம். கடன் அடைந்தது.

தேடிய நேரத்துக்கு லெ காமுக்கு 16 மணி 15 நிமிடம் கழிவு கொடுத்தார்கள். கூடத் தேடிய யானிக் பெஸ்தாவனுக்கு 10 மணி 15 நிமிடம், போரிஸ் ஹெர்மானுக்கு 6 மணி நேரம். 2021 ஜனவரி 27 அன்று முதலில் கோட்டைத் தாண்டியவர் ஷார்லி டாலின். ஆனால் மூன்றாவதாக வந்த பெஸ்தாவன், கழிவைச் சேர்த்ததும் இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் கோப்பையை வாங்கினார். 80 நாள் உலகம் சுற்றிய பந்தயம் ஓர் இரவுத் தேடலால் முடிவானது. முதலில் வந்து இரண்டாமவரான டாலின்மேல் பரிதாபப்படத் தோன்றும்தான். இருந்தாலும், சேற்றுத் தண்ணீரில் நுரையீரலைத் தொலைத்துவிட்டு ஆறு ஆண்டு யாருக்கும் தெரியாமல் இருந்த கரபெத்யானை நினைத்தால், இப்படி நிமிடக்கணக்காக எழுதித் தரும் ஆட்டம் மேல்.

கணக்கு எழுதித் தர ஆளில்லாத இடமும் உண்டு. ஹவாயின் ஓவாஹு தீவு, வைமியா விரிகுடா. குளிர்காலத்தில் அங்கே எழும் அலைகள் மாடிக் கட்டட உயரம். 1968 முதல் அந்த வடகரையில் லைஃப் கார்டாக இருந்தவர் எடி ஐக்காவு. பெரிய அலை ஏறுவதில் அவர் காலத்தின் முன்னணி வீரரும் அவர்தான். ஐந்நூறு பேருக்கு மேல் கரையேற்றினார் என்று தீவுக்காரர்கள் சொல்வார்கள்.

1978 மார்ச் 16 அன்று ஹொக்குலேயா என்ற இரட்டை ஓடம் தஹித்தியை நோக்கிப் புறப்பட்டது. பழைய பாலினீசியக் கடலோடிகளின் முறையில் கட்டிய ஓடம்; எடியும் அதில் ஒருவர். அன்றிரவே காற்றில் கவிழ்ந்தது. கவிழ்ந்த ஓடத்தின்மேல் விடிய விடியத் தொற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் எடி தன் அலைப்பலகையை எடுத்தார். லானாய்த் தீவு பல மைல் தொலைவு. அங்கே போய் ஆள் கூட்டி வருகிறேன் என்று கிளம்பினார். கையால் துடுப்புப்போடத் தடையாக இருக்கிறதென்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றிவிட்டார். அன்று இரவு விமானம் ஒன்று ஓடத்தைக் கண்டுகொள்ள, கடலோரக் காவல்படை மற்றவர்களை மீட்டது. எடி கிடைக்கவே இல்லை. 31 வயது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ட்யூக்குக்குக் கைகொடுத்த அதே பலகைதான் இவரிடமும் இருந்தது. ஆனால் இது நடுக்கடல், கொந்தளிப்பு, பல மைல். ஓடத்தோடே இருந்திருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் உதவி வருமா வராதா என்று தெரியாத அந்த வேளையில் அவர் தன் வாழ்நாள் வேலையைத்தான் செய்தார்.

அவர் பெயரில் வைமியாவில் ஒரு போட்டி உண்டு. அலை போதுமான உயரம் எழுந்தால்தான் நடத்துவார்கள். அதனால் பல ஆண்டுகள் நடக்காமலே போகும். 2023 ஜனவரி 22 அன்று நடந்தது. உலகத்தின் பெரிய பெரிய அலைவீரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஜெயித்தவர் லூக் ஷெப்பர்ட்சன், அன்று அதே கடற்கரையில் டியூட்டியில் இருந்த லைஃப் கார்டு. தன் சுற்று வரும்போது மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கினார், அலை ஏறினார், முடிந்ததும் காவல் கோபுரத்துக்குத் திரும்பினார். ஜெயித்த பிறகும் கோபுரத்துக்குப் போக வேண்டும், பொழுது முடியும்வரை எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்களா பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார்.